நம் வயிற்றுக்குள் நிற்காத சேதி

என் உயிருக்கு உயிரான தம்பி ராசுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ போய் எட்டு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு வந்தது எனக்கும் வந்தது என்பதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் ஒரு வரி எழுதவில்லை. போன வாரம் உன் மகள் பூங்கொடியைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். இனி சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் வீட்டுச் சேதி. உன் பெண்டாட்டி சரசு தைரியமாகத்தான் இருக்கிறாள். உன் மிளகுக் கொடியெல்லாம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. மேட்டுக் காட்டில் மரவள்ளி போட்டிருக்கிறாள். நம் மலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் இப்போது பஸ் கூடுதலாக வருகிறது. நான் இன்னும் அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராகத்தான் இருக்கிறேன். உன் மாமாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னால் நரைத்தது அது.

தொண்ணூற்றெட்டில் உனக்கு ரத்தம் போக ஆரம்பித்தபோது மூலம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டாய். மோர் குடித்தாய். அப்பனுக்கும் அப்படித்தான் போனது, அவரும் மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டு செத்தார். நீ இளைத்துக்கொண்டே வந்தாய். வெளிக்குப் போய் வந்ததும் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பாய். யாராவது கேட்டால் வெயில் என்பாய். நம் மலையில் அப்படி என்ன வெயில், ராசு?

சேலத்தில் வயிற்றைத் திறந்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. வார்டில் ஒரு சாயங்காலம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அப்பனுக்கும் இதேதான் இருந்திருக்குமா?" என்று கேட்டாய். "பேசாமப் படு சாமி" என்றேன். உனக்கு எப்போதிலிருந்து அந்தச் சந்தேகம் இருந்தது? பூங்கொடி பிறந்தபோதே இருந்ததா?

உன்னை எடுத்துக்கொண்டு வரும்போது அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இது குடும்பத்தில் இறங்குகிற நோயாகத் தெரிகிறது, கூடப் பிறந்தவர்கள் பின்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் போகவே இல்லை. வெளிக்குப் போய்விட்டு எழுந்திருக்கும்போது திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால்தானே தெரியும்.

ஒரு நாள் பார்த்துவிட்டேன். சிவப்பாக இருந்தது. உன் மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லை. உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவராகவே வந்து, "என்ன புள்ள, மொகம் இப்பிடி இருக்குது?" என்றார். அப்போதுதான் சொன்னேன்.

குழாய் விடுவதற்கு முந்தின நாள் குடலைக் கழுவுவதற்கு ஒரு மருந்து குடிக்க வேண்டும். அதைக் குடித்துவிட்டுக் கொல்லிமலைப் பஸ்ஸில் எழுபது வளைவு இறங்க முடியுமா? அதனால் முதல் நாளே மலையிறங்கி முள்ளுக்குறிச்சியில் சின்னம்மா வீட்டில் தங்கினோம். உப்புக்கரிக்கும் அந்தத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தேன். சின்னம்மா வாசலில் நின்றுகொண்டு அக்கம்பக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் எனக்குப் பேதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சேலத்தில் அதே டாக்டர் டிவிப் பெட்டியில் என் குடலையே எனக்குக் காட்டினார். கேழ்வரகுக் கதிரில் மணி இருப்பதுபோல் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மொட்டுகள். சில நெல்லிக்காய் அளவுக்கு இருந்தன. இன்னும் புற்று ஆகவில்லை, ஆனால் விட்டால் ஏதாவது ஒன்று ஆகியே தீரும் என்றார். பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிடுவதுதான் வழி என்றார். நான் மாட்டேன் என்றேன். உன்னைத் திறந்து மூடிய அதே மேஜையில் நான் படுக்க மாட்டேன் என்றேன். அன்றைக்குத்தான் எனக்குப் பிள்ளை இல்லாததை நல்லது என்று முதன்முதலாக நினைத்தேன். அப்படி நினைத்ததே எனக்கு இன்னொரு பயமாகிவிட்டது. உனக்குப் பிள்ளை இருக்கிறதே.

என் அழுகையைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். முட்டி வலிக்காரர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை அது. எனக்கு முட்டி வலி இல்லீங்களே என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார்.

"உடம்புல ஒவ்வொரு செல்லையும் சுத்தி கொழுப்பாலதாம்மா சுவரு இருக்கு. எங்கயாவது காயம் பட்டா, அந்தச் சுவத்துல இருந்து துளிக் கொழுப்பப் பிச்சு உடம்பு ஒரு சேதி தயார் பண்ணும். இங்க வீங்கு, ரத்தம் கொண்டா, புதுசா வளருன்னு சொல்ற சேதி. காயம் ஆறுனதும் அது நின்னுரணும். உங்க குடல்ல அது நிக்காமப் போயிட்டே இருக்கு. அந்த மொட்டுங்க எல்லாம் அதக் கேட்டுத்தான் வளருது."

அதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்று பேர் சொன்னார். காய்ச்சல் வருவதும், அடிபட்ட இடம் வீங்குவதும், முட்டி வலிப்பதும் எல்லாம் அதனால்தானாம். அதைத் தயார் செய்கிற மிஷினை இந்த மாத்திரை நிறுத்திவிடுமாம். மொட்டுகள் சுருங்கலாம், கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், ஆனால் ஆபரேஷனுக்கு இது ஈடில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

இன்னொரு வார்த்தையும் விழுந்தது. கொழுப்பு. கொழுப்பிலிருந்துதான் சேதி வருகிறது என்றால் கொழுப்பே இல்லாமல் செய்துவிட்டால்? வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்த் தூக்கைக் கொண்டுபோய்ச் சரசுவிடம் கொடுத்துவிட்டேன். கடலை, தேங்காய், பால், கறி எல்லாவற்றையும் நிறுத்தினேன். வெறும் களியும் வெந்த கீரையும்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குழம்பு தாளிக்கும்போது எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டாலே என் வயிற்றுக்குள் ஏதோ வளர்கிற மாதிரி இருக்கும். கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொள்வேன்.

உன் மாமாவும் எனக்காக வறட்டுச் சோறு தின்றார். என் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கையும் காலும் வெடித்தன. நான் இளைப்பதைப் பார்த்து ஊரே உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது, பட்டினியால் இளைக்கிறேனா, உன்னைப்போல் இளைக்கிறேனா என்று. கண்ணாடி பார்ப்பதை விட்டேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். சத்தமாகத் திட்டினார், ராசு. அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார். நாம் தின்கிற எண்ணெய் நேரே போய் அந்தச் சேதி ஆவதில்லையாம். கொழுப்பில்லாமல் ஒரு செல்கூட நிற்காதாம். எண்ணெயை அடியோடு நிறுத்தினால் உடம்புதான் காயுமே தவிர என் குடலில் சேதி நின்றுவிடாதாம். அளவுக்கு மீறிக் கொழுப்புத் தின்று உடம்பு பெருத்தால் அது உள்ளே வீக்கத்தைக் கிளப்பும், அது உண்மைதான் என்றார். ஆனால் மீனில் இருக்கிற மாதிரிக் கொழுப்பிலிருந்து வீக்கத்தை அடக்குகிற சேதியும் வருகிறதாம். அளவாகச் சாப்பிடச் சொன்னார்.

அன்று சேலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் உன் மாமா எனக்குத் தோசை வாங்கிக் கொடுத்தார். ஓரத்தில் எண்ணெய் மினுமினுத்தது. சாப்பிட்டேன். சாப்பிடும்போதே அழுதேன்.

மாத்திரை வேலை செய்தது. அடுத்தடுத்துக் குழாய் விட்டுப் பார்த்ததில் மொட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. பெரியதெல்லாம் சுருங்கிப் போயின. ரத்தம் நின்றது. முடி முளைத்தது. ஆபரேஷனைப் பற்றி டாக்டர் பேச்செடுத்தால் அறுவடை முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று ஏதாவது சொல்லி வந்துவிடுவேன். பயம் போய்விட்டது என்று நினைத்தேன். இந்த மாத்திரை கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நீ இருந்திருப்பாயோ? இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நாலைந்து வருஷம் அப்படிப் போனது. ஒரு நாள் உன் மாமா செம்மேட்டு டீக்கடையிலிருந்து பேப்பரோடு வந்தார். நான் சாப்பிடுகிற மாத்திரையின் வகையைச் சேர்ந்த இன்னொரு மாத்திரையைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துவிட்டார்களாம். சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருகிறதாம். அவர் வாசித்து முடிப்பதற்குள் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. இது மாரடைப்பா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. மாத்திரை டப்பாவைத் தூக்கித் தூரப் போட்டேன். போட்ட கையோடு வயிற்றுப் பக்கம் பயம் வந்தது. மொட்டுகள் திரும்ப வளருமே. நெஞ்சுக்குப் பயந்தால் வயிறு, வயிற்றுக்குப் பயந்தால் நெஞ்சு. அன்று நான் பட்ட பாட்டை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

டாக்டரிடம் ஓடினோம். மாத்திரையை நிறுத்தியது சரிதான் என்றார். கொழுப்பிலிருந்து வருகிற சேதி ஒன்றிரண்டு அல்லவாம். குடலில் மொட்டை வளர்ப்பது ஒன்று. ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறையாமல் காவல் இருப்பது இன்னொன்று. மிஷினை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து நிற்கிறது. இத்தனை வருஷம் கழித்துத்தான் உலகத்துக்கே இது சரியாகத் தெரிகிறது என்றார். அவருக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது.

பிறகு, "இன்னும் எதுக்கும்மா காத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"என் தம்பியத் தொறந்துட்டு மூடிட்டாங்கய்யா."

"அவரு வந்தப்ப ஈரல் வரைக்கும் போயிருந்துச்சு. உங்களுக்கு இன்னும் குடலத் தாண்டலைம்மா. தாண்டறதுக்குள்ள எடுத்தரலாம்."

சரி என்றேன். தைரியம் வந்து சொல்லவில்லை. தப்பித்துப் போக வேறு பக்கம் இல்லாமல் சொன்னேன். தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டு போகும்போது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நீயும் இதே விளக்குகளைத்தானே பார்த்திருப்பாய்? உன் பேரைச் சொல்லிக்கொண்டே போனேன். தள்ளுவண்டியோடு வந்த நர்ஸ், ராசு என்பது என் வீட்டுக்காரர் பேர் என்று நினைத்துக்கொண்டு, ராசு வெளியேதான் இருக்கிறார், பயப்படாதீர்கள் என்றாள்.

பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியைக் கீழே மிச்சம் விட்ட துண்டோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். எடுத்த குடலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மொட்டில் புற்று ஆரம்பித்திருந்ததாம். குடலின் உள் தோலைத் தாண்டவில்லை, நெறிகட்டிகளுக்குப் போகவில்லை, முழுசாக எடுத்தாயிற்று என்றார். மற்றதெல்லாம் மாத்திரைக்கு அடங்கிச் சுருங்கிக்கொண்டிருந்தபோது, அந்த ஒன்று மட்டும் சேதியை எதிர்பார்க்காமல் தானாக வளரக் கற்றுக்கொண்டிருக்கிறது. எல்லாம் குறைகிறது என்று நான் சந்தோஷமாகத் திரிந்த வருஷத்தில் அது உள்ளே உட்கார்ந்திருந்தது.

பிழைத்துவிட்டேன், ராசு. ஒரு நாளைக்குப் பல தடவை வெளிக்குப் போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் தூரம் போவது பெரிய பாடு. மிச்சம் இருக்கிற துண்டில் மறுபடி மொட்டு வருகிறதா என்று ஆறு மாதத்துக்கொரு தரம் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே பயம்தான்.

உடம்பு தேறியதும் சரசுவிடம் போனேன். பூங்கொடிக்குப் பதிமூன்று நடக்கிறது, பார்த்துவிடலாம் என்றேன். அவள் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எம்புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லாத் திங்கிறா, ஓடறா. ஆஸ்பத்திரிக்குப் போனான்னு தெரிஞ்சா நாளைக்கு ஆருங்க கட்டிக்குவாங்க?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் எத்தனை வருஷம் ஒளிந்தவள்! எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் இரண்டு பேரும் கிணற்றடியில் பார்த்தால்கூட மரவள்ளியைப் பற்றி மட்டும் பேசினோம். பூங்கொடி பள்ளிக்கூடத்தில் நடுவில் எழுந்து வெளியே போனால் நான் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். எவ்வளவு நேரம், முகம் எப்படி இருக்கிறது என்று. ஒரு குழந்தையை அப்படிப் பார்ப்பது பாவம் என்று தெரியும். ஆனாலும் பார்த்தேன்.

பங்குனியில் ஒரு காலை சரசு வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிள்ளைக்கு வெளிக்குப் போகும்போது ரெண்டு தரம் ரத்தம் பட்டது என்றாள். "நீங்களே கூட்டிட்டுப் போயிட்டு வாங்கக்கா. அந்த ஆஸ்பத்திரி வாசல்ல என்னால காலு வெக்க முடியாதுங்க" என்றாள்.

பூங்கொடியும் முள்ளுக்குறிச்சியில்தான் மருந்து குடித்தாள். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். உன் கண், ராசு. அப்படியே உன் கண்.

"அத்தை, அப்பா பயந்துக்கிட்டாங்களா?"

"பயந்தாங்க கண்ணு. ஆனா ஆருகிட்டயும் சொல்லல."

"நான் சொல்லட்டுங்களா?"

"சொல்லு சாமி."

"பயமா இருக்குதுங்க அத்தை."

எனக்கும்தான் என்றேன். அவள் செம்பைத் தூக்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

மறுநாள் மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் உன் மாமாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்ததும் டாக்டரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். இருக்கிறது என்றார். கொஞ்சம்தான். எல்லாம் கடுகு அளவு. புற்று எதுவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம், வளர்ந்து படிப்பு ஒரு கட்டத்துக்கு வந்ததும் நாமாக நாள் பார்த்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். மாத்திரை வேண்டுமா என்று நான் கேட்பதற்குள் அவரே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு அவள் என் மடியில் சாய்ந்து தூங்கினாள். சரசுவிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு மாதிரியாக யோசித்தேன். செம்மேட்டில் பஸ் நின்றபோது சரசு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பூங்கொடி முன்னால் இறங்கிப் போனாள்.

"இருக்குதாம்மா. சின்னதாத்தான் இருக்குதாம். வருசா வருசம் பாத்துக்கிட்டா ஒண்ணுமாகாதாம்."

சரசு அழவில்லை. மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "அடுத்த தடவ நானும் வாரேனுங்க" என்றாள். நாலு பேரும் வீடு வரைக்கும் நடந்தோம்.

இதுதான் சேதி. எனக்குப் பயம் போகவில்லை, ராசு. இந்த வயிற்றுக்குள் எது எப்போது வளரும் என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் உன்னிடம் ஒன்று சொல்கிறேன். உன் மகளின் ஆபரேஷன் நாள் வரும்போது அதைத் தள்ளிப்போட நான் விட மாட்டேன். அறுவடை என்று அவள் சொன்னாலும், பரீட்சை என்று சொன்னாலும், கல்யாணம் என்று சரசுவே சொன்னாலும் விட மாட்டேன். அவள் என்னைத் திட்டட்டும், முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கட்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலையிறங்குவேன்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, இன்னும் இருக்கிற
உன் அக்கா